லினன் துணியில் கிரேக்கக் கவசம்: 20 அடுக்கும் தையல் இடைவெளியும்

பெர்லின் அருங்காட்சியகத்தில் கி.மு. 500 வாக்கில் செய்த மதுக்கிண்ணம் ஒன்று இருக்கிறது. சோசியாஸ் என்ற குயவரின் பெயர் பொறித்தது. அதன் உள்வட்டத்தில், கிரேக்கக் காவிய வீரன் பட்ரோக்லஸின் கைக்காயத்துக்கு அவன் தோழன் அக்கிலீஸ் கட்டுப் போடுகிறான். பிடுங்கிய அம்பு பக்கத்தில் கிடக்கிறது. கவசம் தைக்க நினைப்பவர் பட்ரோக்லஸின் தோளை உற்றுப் பார்க்க வேண்டும். மார்போடு இழுத்துக் கட்டியிருந்த தோள்வார் அவிழ்ந்ததும் தொங்கிப்போகவில்லை. காதுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது.

கவசம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. கட்டை அவிழ்த்தால் வார் எழுந்து நிற்க வேண்டும். எத்தனை அடுக்கு, எவ்வளவு தடிமன் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் 20 அடுக்கு போட்டும் மெத்தை மாதிரி துவளும் கவசம் உண்டு. அதே 20 அடுக்கில் பலகை போல நிற்கும் கவசமும் உண்டு. வித்தியாசம் தையலில் இருக்கிறது.

எதை நம்பி வெட்டுவது

செவ்வியல் காலக் கிரேக்கத்திலிருந்து முழு லினன் கவசம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. துணி மண்ணில் மக்கிவிடும். குவளை ஓவியங்களும் எழுத்துச் சான்றுகளும்தான் கைவசம் உள்ளவை. கூடவே ஓர் இரும்புச் சான்றும் உண்டு. 1977இல் மனோலிஸ் ஆண்ட்ரோனிகோஸ் வெர்ஜினாவில் தோண்டிய மாசிடோனிய அரச கல்லறையில் கிடைத்த கவசம் அது. ஓவியங்களில் காணும் அதே வெட்டை இரும்புத் தகட்டில் செய்திருக்கிறார்கள்: உடம்பைச் சுற்றும் ஒரு குழாய், முதுகிலிருந்து தோள் தாண்டி மார்புக்கு வரும் இரண்டு வார்கள். வெட்டு அளவில் சந்தேகம் வந்தால் ஓவியத்தைவிட இதைப் பார்ப்பது நல்லது. ஓவியன் வளைவைத் தட்டையாக்கி வரைந்துவிடுவான்.

கிரேக்கர் மட்டும் போட்ட கவசம் அல்ல இது. பாரசீக மன்னன் செர்க்சஸின் படையில் வந்த அசீரியரும் பினீசியக் கப்பல் வீரரும் லினன் கவசம் அணிந்திருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பாரசீகர் போருக்கு எகிப்தியக் கவசம் அணிவார்கள் என்றும் சொல்கிறார். கி.மு. 331இல் கௌகமேலாப் போரில் அலெக்சாண்டர் போட்டிருந்த இரட்டை லினன் கவசம், அதற்கு இரண்டு ஆண்டு முன் இஸ்ஸஸ் போரில் பாரசீகரிடமிருந்து கைப்பற்றிய பொருள்களில் ஒன்று என்பது புளூட்டார்க் தரும் செய்தி.

துணிக்கவசத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் இருந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ், ஓங்கிக் குத்தினால் இரும்பு உள்ளே போய்விடும், ஆகவே போர்வீரனைவிட வேட்டைக்காரனுக்குத்தான் இது உதவும், சிங்கத்தின் பல் இதில் உடையும் என்கிறார். சோதனைப் பகுதிக்கு வரும்போது இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது பாதி உண்மை.

அடுத்தது பசையா தையலா என்ற பழைய சண்டை. அமெரிக்காவின் விஸ்கான்சின்–கிரீன் பே பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஆல்ட்ரீட்டும் மாணவர்களும் லினனை விலங்குப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் கவசம் செய்து அம்பெய்து பார்த்தார்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமன் அம்புக்கு நன்றாகத் தாங்குகிறது என்று காட்டினார்கள். இணையத்தில் பலரும் செய்வது இந்த முறையைத்தான். ஆனால் லினனைப் பசையால் ஒட்டிக் கவசம் செய்ததாகக் கிரேக்கச் சான்று எதுவும் இல்லை. அடுக்கிய லினனுக்கோ பழங்கால கிரேக்க நகரமான மைசீனியின் கல்லறைக் குழியிலிருந்தே சான்று உண்டு. அங்கே கிடைத்த துணித்துண்டில் 14 அடுக்குகள் எண்ணப்பட்டன. அதனால் இங்கே முதன்மை முறை தையல். பசை முறைக்குப் பின்னால் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறது.

விறைப்புக் கணக்கு

ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்த 20 துணி, ஒரு துணியைப் போல 20 மடங்கு விறைப்புதான் தரும். வளைக்கும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துவிடும். அதே 20 துணியும் நகரவே முடியாதபடி ஒன்றாகிவிட்டால் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறும்: 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு. பசை இந்த உச்சத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும். தையல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எந்த இடத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது தையல் வரிசைகளுக்கு இடையே விடும் தூரம். 25 மி.மீ. விட்டால் மெத்தை. 15 மி.மீ. என்றால் கவசத்தின் உடம்புக் குழாய்க்குப் போதும். 8 மி.மீ. என்றால் தோள்வார் நிற்கும்.

வரிசையின் திசையும் முக்கியம். ஒவ்வொரு தையல் வரிசையும் துணியை அழுத்தி மெலிதாக்குகிறது. அந்தக் கோட்டில் துணி கீல் மாதிரி மடங்கும். வரிசைகள் செங்குத்தாக ஓடினால் குழாய் உடம்பைச் சுற்றி எளிதாக வளையும், மேலும் கீழும் விறைப்பாக நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். பார்க்க அழகாக இருக்கும் என்று குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டுத் தைத்தால் எல்லாத் திசையிலும் கீல் உருவாகி, தோள்வார் அவிழ்த்தவுடன் முன்னால் விழும்.

வாங்க வேண்டியவை

துணி: கலப்பில்லாத லினன், 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்), ஒன்றரை மீட்டர் அகலம் என்றால் 16 மீட்டர். மார்புச் சுற்று 96 செ.மீ. உள்ள ஆளுக்கு இந்தக் கணக்கு. லினன்–விஸ்கோஸ் கலப்பைக் கடைகளில் லினன் என்றே விற்கிறார்கள். ஓர் இழையை உருவித் தண்ணீரில் நனைத்து இழுத்துப் பாருங்கள். லினன் நனைந்தால் வலு கூடும், விஸ்கோஸ் நனைந்தால் சட்டென்று அறுந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும். 5 முதல் 8 விழுக்காடு வரை சுருங்கும். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் மழையிலோ வியர்வையிலோ அடுக்குகள் வெவ்வேறு அளவில் சுருங்கிக் கவசம் முறுக்கிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே இஸ்திரி போட்டால் நெசவு அடர்த்தியாகும்; அம்புமுனை நுழையும் சந்து குறையும்.

நூல்: மூன்று புரி லினன் நூல், 150 மீட்டர். தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்துவிட்டுத்தான் கோக்க வேண்டும். மெழுகு இல்லாத நூல் 20 அடுக்கின் உரசலில் ஒரு முழம் தைப்பதற்குள் பிசிறடித்துவிடும். நைலான் நூல் அறுந்துபோகாது என்று ஆசைப்பட வேண்டாம். நூல் லினனைவிட வலுவாக இருந்தால் இழுவிசை வரும்போது துணிதான் கிழியும்.

கருவிகள்: 2 மி.மீ. குத்தூசி, கோணி ஊசி, அங்குஸ்தான், சிறிய குறடு, ஒரு டஜன் கிளிப், 30 செ.மீ. விட்டமுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று. வாளி எதற்கு என்று அடுத்து வரும். வீட்டுத் தையல் இயந்திரம் ஏழெட்டு அடுக்குக்கு மேல் ஊசியை உடைக்கும். வேகம் வேண்டுமென்றால் ஐந்தைந்து அடுக்காக இயந்திரத்தில் ஓட்டி, நான்கு கட்டுகளையும் சேர்த்துக் கையால் தைக்கலாம்.

வெட்டு

பழுப்புத்தாளில் முதலில் அளவு வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே தவறுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று இடுப்பு. குழாயின் கீழ்விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலே, தொப்புள் மட்டத்தில் முடிய வேண்டும். நவீனச் சட்டை நீளத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது குட்டையாகத் தெரியும். எலும்புக்குக் கீழே இறக்கினால் குனியும்போதும் உட்காரும்போதும் தொடை கவசத்தை மேலே தள்ளி, மேல்விளிம்பு தொண்டையில் இடிக்கும். தொப்புளுக்குக் கீழே காப்பது தொங்கு பட்டைகளின் வேலை.

இன்னொன்று மார்பின் மேல்பகுதி. இரண்டு கைகளுக்கும் நடுவே முன்பக்க அகலம் 28 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஈட்டி பிடித்த வலக்கை உடம்புக்குக் குறுக்கே வர வேண்டும். அகலம் கூடினால் விளிம்பு கையின் உள்பக்கத் தசையைக் கடிக்கும். அக்குளுக்குக் கீழே 3 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

குழாயின் பொதுவான உயரம் 38 செ.மீ. முன்னும் பின்னும் மேல்நோக்கி 14 செ.மீ. நாக்குப் போல ஏறும். திறப்பு இடப்பக்கம். கேடயம் இடக்கையில் இருப்பதால் கவசத்தின் பலவீனமான இணைப்பை அது மறைக்கும். குவளை ஓவியங்களிலும் கட்டு பெரும்பாலும் அங்கேதான். ஆனால் கேடயம் எந்நேரமும் உயர்ந்தே இருக்காது. கி.மு. 479இல் பாரசீகரோடு நடந்த பிளாட்டீயாப் போரில், பலி கொடுத்து நற்சகுனத்துக்காகக் காத்திருந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்த காலிக்ரேட்டஸ் என்ற ஸ்பார்ட்டா வீரனை விலாவில் அம்பு தைத்தது. சண்டை தொடங்கும் முன்பே களத்திலிருந்து தூக்கிப்போனார்கள். இடப்பக்க இணைப்பில் இரு முனையும் வெறுமனே முட்டி நின்றால் போதாது, 4 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும்.

இனி அடுக்கின் நீளம். பலர் விட்டுவிடும் கணக்கு இது. ஓர் அடுக்கு 0.4 மி.மீ. தடிமன். வட்டமாக வளைக்கும்போது ஒவ்வொரு வெளியடுக்கும் அதற்கு உள்ளே இருப்பதைவிட 2 × 3.14 × 0.4, அதாவது 2.5 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். 20 அடுக்குக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 5 செ.மீ. உள்ளடுக்கு 104 செ.மீ. என்றால் வெளியடுக்கு 109. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டித் தட்டையாகத் தைத்துவிட்டுப் பிறகு வளைத்தால், உள்ளடுக்குகள் விலாவில் வரிவரியாகச் சுருங்கிக் குத்தும்.

20 அடுக்கையும் ஒரே உயரத்தில் வெட்ட வேண்டாம். வெளிப்பக்க 10 அடுக்குகள் இடுப்புக்குக் கீழே இன்னும் 20 செ.மீ. நீளட்டும், உட்பக்க 10 இடுப்போடு நிற்கட்டும். நீளும் 10 அடுக்குதான் பிறகு தொங்கு பட்டையாகும். பாவு இழை, அதாவது நெசவின் நீளவாக்கு இழை, எல்லா அடுக்கிலும் செங்குத்தாக இருக்கட்டும். சில அடுக்குகளைக் கிராஸில் (மூலைவாட்டில்) வெட்டினால் வலு கூடும் என்று ஒரு கருத்து உண்டு. கிராஸில் வெட்டிய துணி இழுபட்டு நீள்வதால் தைக்கும்போதே அடுக்கு கோணலாகிறது. பலனைவிடத் தொல்லை பெரிது.

உடம்பைத் தைத்தல்

அடுக்குகளை வாளியின்மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி, நடுமுதுகுக் கோட்டில் எல்லாவற்றையும் சேர்த்துக் கிளிப் போட வேண்டும். முனைகள் படிக்கட்டு போல வந்து நிற்கும்; 2.5 மி.மீ. கணக்கு சரியாக இருந்தால் கடைசியில் எல்லா முனையும் ஒரே கோட்டில் சேரும்.

முதல் வரிசை நடுமுதுகில். அடுத்தவை இடமும் வலமும் மாறி மாறி. ஒரு முனையிலிருந்து தொடங்கி மறுமுனை வரை தைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு வரிசையும் மேலடுக்கை ஓர் இழை முன்னே தள்ளி, கடைசியில் ஒரு சென்டிமீட்டர் கோணல் வந்து நிற்கும். ஐந்து வரிசைக்கு ஒரு முறை வாளியில் திரும்பப் போட்டு வளைவு சரியா என்று பாருங்கள்.

குத்தூசியால் துளை போட்டு, முன்பக்கத்திலிருந்து பின்னுக்கு ஊசி, 7 மி.மீ. தள்ளிப் பின்னிலிருந்து முன்னுக்கு. குத்தூசி துணிக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். சாய்ந்தால் முன்பக்க வரிசை நேராக இருக்கும், பின்பக்கம் பாம்பாக நெளியும். நூலை இழுக்கும்போது துணி லேசாகப் பள்ளம் விழும் வரை போதும். அதற்கு மேல் இறுக்கினால் மொத்தக் குழாயும் உயரத்தில் சுருங்கும், 38 செ.மீ. வெட்டியது 36க்கு வந்துவிடும். வெட்டும்போதே மேலே 1 செ.மீ. கூட்டி வைப்பது பாதுகாப்பு.

15 மி.மீ. இடைவெளியில் உடம்புக்கு மட்டும் சுமார் 35 மீட்டர் தையல் ஓட்டம் வரும், 7 மி.மீ. தையலுக்கு 5,000 குத்து. கைக்கு இதில்தான் உண்மையான உழைப்பு. துளையை முன்கூட்டியே பத்துப் பத்தாகப் போட்டுவைப்பதால் வேகம் கூடாது: அடுக்கு கொஞ்சம் நகர்ந்தாலும் துளைகள் பொருந்தாது.

லினன் இப்படி அடுக்கும் துணி என்பதால் நெய்தவர்களின் திறமைக்கு ஒரு வார்த்தை. எகிப்து மன்னன் அமாசிஸ், ரோட்ஸ் தீவின் லிண்டஸில் அதீனா கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த லினன் கவசத்தில், ஒவ்வொரு நூலும் 360 இழைகளால் ஆனது, அத்தனையும் கண்ணுக்குத் தெரியும் என்று ஹெரோடோட்டஸ் வியக்கிறார். ரோமானிய எழுத்தாளர் பிளினியின் காலத்தில் அந்தக் கவசத்தில் சிறு துணுக்குகள்தான் மீந்திருந்தன. இழையை எண்ணிப் பார்க்க வந்தவர்கள் தொட்டுத் தொட்டே அதைத் தீர்த்துவிட்டார்கள்.

தோள்வார்

முதுகில் 36 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரமுள்ள ஒரு செவ்வகம். அதிலிருந்து 10 செ.மீ. அகலம், 34 செ.மீ. நீளத்தில் இரண்டு வார்கள். நடுவில் கழுத்துக்கு 16 செ.மீ. மூன்றும் சேர்ந்து ஒரே வெட்டாக இருக்க வேண்டும். வாரைத் தனியாக வெட்டித் தோளில் இணைத்தால் அந்த இணைப்பில் மடங்கிவிடும்.

இதற்கு வாளி வேண்டாம். 20 அடுக்கும் ஒரே அளவு, சமமான மேசைமேல், நீளவாக்கில் 8 மி.மீ. இடைவெளியில் தைக்க வேண்டும். பலர் இங்கே புத்திசாலித்தனமாக, தோள்வளைவுக்கு ஏற்ப முன்கூட்டியே வளைத்துத் தைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வார் தோளில் சொகுசாகப் படுத்துக்கொள்ளும், ஆனால் அவிழ்த்தால் எழுந்திருக்காது. தட்டையாகப் பிறந்த வார் தன் தட்டை நிலைக்குத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். அதை இழுத்துக் கட்டும் விசைதான் உடம்புக் குழாயைத் தோளிலிருந்து தொங்கவிட்டுத் தாங்குகிறது. பட்ரோக்லஸின் வார் நிமிர்ந்து நிற்பதற்குப் பசை தேவையில்லை, இந்தத் தட்டைத் தையலே போதும் என்பது கையில் எடுத்து அவிழ்த்துப் பார்த்தால் தெரியும்.

முதுகுச் செவ்வகத்தைக் குழாயின் பின்நாக்கோடு இணைக்கும்போது மேல்விளிம்பில் தைக்காதீர்கள். அதன் கீழ்ப்பாதியை மட்டும் இரட்டை வரிசையில் தைத்தால், கையை உயர்த்தும்போது மேல்பாதி சுதந்திரமாக நகரும்.

வாரின் நுனியில் துளை போட்டுக் கயிறு கோப்பதைவிட, 15 மி.மீ. வெண்கல வளையம் ஒன்றைத் தோல் துண்டால் பிடித்துத் தைப்பது மேல். அதற்கு உட்பக்கமும் ஒரு தோல் துண்டு கட்டாயம். 20 அடுக்கானாலும் துணி துணிதான். இழுவிசை ஒரே புள்ளியில் விழுந்தால் இழை பிரிந்து துளை பெரிதாகும். மார்பில் அதற்கு நேராக இரண்டு வளையம், இடப்பக்கத் திறப்பில் மூன்று ஜோடித் தோல்கயிறு.

தொங்கு பட்டை

நீளும் 10 அடுக்கை 6 செ.மீ. அகலத்தில் கீறினால் 18 பட்டைகள் வரும். கீறுவதற்கு முன்பே ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் 4 மி.மீ. தள்ளித் தைத்துவிட வேண்டும்; கீறிய பிறகு தைத்தால் பிசிறோடு போராட்டம். கீறலின் மேல்முனையில் 5 மி.மீ. வட்டத்துளை போட்டு ஓரம் கட்டுங்கள். கூர்மையாக முடியும் கீறல் ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும்.

இரண்டாம் வரிசை தனித்துணியில், 8 அடுக்கு, அதே அளவு. மேல்வரிசையின் சந்துக்கு நேரே இதன் பட்டை நடு வரும்படி 3 செ.மீ. தள்ளி, இடுப்பின் உட்பக்கம் தைக்க வேண்டும். ஓரங்களுக்குக் கிராஸில் வெட்டிய பட்டித்துணி போதும்.

எல்லாம் சேர்ந்து எடை மூன்றரை முதல் நான்கு கிலோ.

பசை முறை செய்துதான் பார்ப்பேன் என்பவர்களுக்கு

தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் என்ற விலங்குப் பசை, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குளிர்ந்த நீர், இரவு முழுக்க ஊறட்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி வரை சூடாக்க வேண்டும். நேரடி அடுப்பில் கொதித்தால் ஒட்டும் வலு போய்விடும். 18 சதுர மீட்டர் துணிக்கு ஒன்றேகால் கிலோ உலர் பசை ஆகும். ஆறும்போதே உறைவதால் துணியையும் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பசை மேலே நின்றுவிடும், இழைக்குள் இறங்காது.

ஒரே நேரத்தில் நான்கு அடுக்குக்கு மேல் ஒட்ட வேண்டாம். 20 அடுக்கையும் ஒரே மூச்சில் ஒட்டினால் வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கி, சில நாளில் நாற்றம் எடுத்துப் பூஞ்சை பிடிக்கும். ஒருபக்கம் மட்டும் காற்றுப் பட்டால் அப்பளமாக வளையும். வடிவத்தை ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். காய்ந்த பலகையைக் கத்தரி தொடாது, ரம்பம்தான் எடுக்க வேண்டும்.

கவசம் ஐந்து கிலோவை நெருங்கும், விறைப்பு அபாரம். ஆனால் வச்சிரம் தண்ணீரில் இளகும். தேன்மெழுகை உருக்கித் தேய்த்தால் மழைக்குச் சற்றுத் தாங்கும்; உள்ளிருந்து வரும் வியர்வைக்கு மெழுகு காவல் இல்லை. கடலோர ஈரக்காற்றில் வைத்த துண்டு சில வாரத்தில் மென்மையாகிவிடுகிறது.

சோதனை

உடம்பில் போட்டுக்கொண்டு யாரும் எய்து பார்க்கக் கூடாது. வில்லும் தேவையில்லை. இரண்டு மீட்டர் நீளமுள்ள 110 மி.மீ. பி.வி.சி. குழாயை நிறுத்தி, உள்ளே 2 கிலோ எடையின் அடியில் அம்புமுனையைப் பொருத்தி, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 29 ஜூல் ஆற்றல் கிடைக்கும். 18 கிலோ இழுவிசை உள்ள வில்லின் அம்பும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குழாயின் கீழே காற்றுத் துளைகள் போடாவிட்டால் எடை காற்றின்மேல் மெத்தென இறங்கி ஆற்றலை இழக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஆற்றல் ஒன்றானாலும் உந்தம் ஒன்றல்ல. 2 கிலோ எடை வினாடிக்கு ஐந்தரை மீட்டரில் வருகிறது. 25 கிராம் அம்பு 48 மீட்டரில் வருகிறது. உந்தம் ஒன்பது மடங்கு வேறுபடும். எனவே இந்தக் குழாயை வைத்து எந்தத் துண்டு மேல் என்று தரம் பிரிக்கலாம், அம்பு நிற்கும் நிற்காது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

முனைக்கு மூன்று அலகு உள்ள, குழல் வைத்த சிறு வார்ப்பு முனை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கரும் பாரசீகரும் போரிட்ட தெர்மோபிலேயின் கொலோனோஸ் குன்றில் 1939இல் ஸ்பிரிடன் மரினாடோஸ் தோண்டியபோது ஏராளமாகக் கிடைத்த பாரசீக அம்புமுனைகளில் இந்த வகையே முக்கியமானது. கடையில் விற்கும் அகன்ற வேட்டை முனை இங்கே பொருந்தாது. துண்டுக்குப் பின்னால் 10 செ.மீ. ஆழக் குயவர் களிமண். மரப்பலகை வைத்தால் பின்னால் இடம்கொடுக்காமல் துணியை நசுக்கி வெட்டும். உடம்பு அப்படி நடந்துகொள்ளாது. 15 செ.மீ. சதுரத் துண்டில் விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே அடிக்க வேண்டும்.

15 மி.மீ. தையல் துண்டில் முனை இழைகளை ஒதுக்கிக்கொண்டு நுழைகிறது. துளையை விரலால் நீவினால் பாதி மூடிக்கொள்ளும், அறுந்த இழைகள் குறைவு. 8 மி.மீ. துண்டில் இழை நகர இடமில்லாததால் முனை ஒவ்வொன்றாக அறுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது, களிமண்ணில் பள்ளம் தெளிவாகக் குறைகிறது. பசைத்துண்டு உலர்ந்திருக்கையில் இரண்டையும் வெல்லும். நனைத்துவிட்டு அடித்தால் அடுக்குகள் பிரிந்து தையலைவிடக் கீழே போகும். ஈட்டி அலகு போன்ற கனத்த முனையை மாற்றி அடித்தால் மூன்றுமே தோற்கும். பௌசானியஸ் சொன்னது கையால் ஓங்கிக் குத்தும் இரும்புக்குப் பொருந்துகிறது, தூரத்திலிருந்து வரும் நாணல் அம்புக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

உடம்புப் பகுதியில் வரிசையை 10 மி.மீ. ஆக்கலாமே என்று தோன்றும். ஆக்கலாம், குத்துகள் 5,000 என்பது 7,500 ஆகும், குழாய் கொஞ்சம் கடினமாக வளையும். விலாவின் இருபக்கமும் மட்டும் 10 வைத்து, முதுகிலும் மார்பிலும் 15 விடுவது நடைமுறைக்கு ஏற்றது. வேறு வழி, ஓவியங்களில் பல கவசங்களில் காண்பது போல உலோகச் செதில் வைப்பது. பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸின் கருவூல இடிபாடுகளில் இரும்பு, வெண்கலச் செதில்கள் கிடைத்திருக்கின்றன. கீழ்வரிசையிலிருந்து மேல்நோக்கித் தைத்து, ஒவ்வொரு வரிசையும் முந்தையதை மூன்றில் ஒரு பங்கு மூடினால் போதும். செதிலின் துளை ஓரத்தை அரம் போட்டு மழுக்காவிட்டால் அதுவே நூலை அறுத்துவிடும்.

பராமரிப்பு

தோளில் மாட்டித் தொங்கவிட்டு வைக்காதீர்கள். வார்கள் அந்த வளைவுக்குப் பழகி விறைப்பை இழக்கும். கட்டுகளை அவிழ்த்து, வாளியின்மேல் நிற்க வைத்து, வார்கள் மேல்நோக்கி இருக்கட்டும். வியர்வை பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைத்தால் போதும். முழுக்கத் தண்ணீரில் முக்கினால் உள்ளடுக்கு காய நாலைந்து நாள் ஆகும். பசை முறையில் செய்ததை ராமபாணப் பூச்சி தேடி வரும். கஞ்சி போகாத துணிக்கும் அதே கதிதான். காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டு, மாதம் ஒரு முறை பட்டைகளின் சந்தில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். முதலில் அரிக்கப்படுவது எப்போதும் இரண்டாம் வரிசைப் பட்டை இடுப்போடு சேரும் மடிப்புதான்.